பிலாவிலையில் ராகேலின் ரேகை

நெட்டாம்பாறைவிளையில் ராகேலின் வீட்டுக்குப் பின்னால் நிற்கும் வருக்கைப் பிலாமரத்தின் இலைகளில் அவளுடைய கைரேகை இருப்பது இரண்டாயிரத்து இருபத்துமூன்றாம் ஆண்டு நவம்பர் பதினாறாம் தேதி, வியாழக்கிழமை மதியம் ஒன்றரை மணிக்குத் தெரியவந்தது. அன்று ரப்பர் ஷீட் விலை கிலோவுக்கு மூன்று ரூபாய் இறங்கியிருந்தது. ஊரில் பாதிப் பேர் அந்தக் கவலையில் இருந்ததால் இந்தச் செய்தியை முதல் நாள் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கிழக்கே நீண்ட கொப்பில் வலது பெருவிரல், அதற்கு மேல் கொப்பில் சுட்டுவிரல், இப்படிப் பத்துக் கொப்புக்கும் பத்து விரல். இலையைப் பறித்து வெயிலுக்கு நேரே பிடித்தால் நரம்புகள் ஓரத்துக்கு ஓடாமல் நடுவிலேயே சுற்றிச் சுற்றி வருவதைப் பார்க்கலாம். இடது மோதிரவிரல் கொப்பின் இலைகளில் மட்டும் ரேகைக்குக் குறுக்கே சாய்வாக ஒரு வெட்டு இருக்கும், அது பின்னால் வரும். நம்புகிறவர்கள் நம்பட்டும், நம்பாதவர்கள் குலசேகரம் பஸ்ஸில் ஏறிப் பாறைமுக்கில் இறங்கி யாரிடம் வேண்டுமானாலும் வழி கேட்கலாம். மரம் எங்கேயும் போய்விடவில்லை.

ராகேலின் கையில் ஒரு காலத்தில் ரேகை இருந்தது. பத்தொன்பது வயதில் ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி ரசலையனைக் கட்டிக்கொண்டு அந்த வீட்டுக்கு வந்தபோது, கல்யாணப் பதிவேட்டில் அழகாகக் கையெழுத்துப் போட்டாள். பக்கத்தில் மசிபட்ட விரல் பதிந்த இடம் இன்றும் சபைப் பதிவேட்டில் இருக்கிறது. அந்த ஆண்டே அவள் அண்டி ஆபீசுக்குப் போகத் தொடங்கினாள். முந்திரிக்கொட்டையை வறுத்து உடைத்துப் பருப்பு எடுக்கும் ஆலைக்கு அந்தப் பக்கத்தில் அண்டி ஆபீஸ் என்று பெயர். ஆபீஸ் என்றதும் மேசையும் மின்விசிறியும் நினைவுக்கு வந்தால் அதற்கு அவர்கள் பொறுப்பல்ல. தரையில் சாக்கை விரித்து உட்கார்ந்து, எதிரே ஒரு கல், கல்லின் மேல் கொட்டை, கையில் மரக்கட்டை. ஒரு தட்டு தட்டினால் ஓடு பிளந்து கறுத்த எண்ணெய் கசியும். அது பட்ட இடத்தில் தோல் வெந்து உரியும். அதனால் பெண்கள் வீட்டு அடுப்புச் சாம்பலை ஒரு சிரட்டையில் கொண்டுபோய்க் கையில் அப்பிக்கொண்டுதான் வேலைக்கு உட்காருவார்கள். சாயங்காலம் கையைத் தேய்த்து அந்தச் சாம்பலை மறுபடியும் சிரட்டையில் உதிர்த்து வீட்டுக்குக் கொண்டுவருவார்கள். வேலை பார்த்த சாம்பலைக் கண்ட இடத்தில் கொட்டினால் கை ராத்திரியெல்லாம் எரியும், காய்க்கிற மரத்தின் அடிமூட்டில் கொட்டினால் எரியாது என்று அவர்களுக்குள் ஒரு வழக்கம். ராகேல் முப்பத்தெட்டு வருஷம் தன் வீட்டுப் பிலாவின் மூட்டில் கொட்டினாள். அவள் வந்த வருஷம் முழங்கால் உயரம் இருந்த கன்று, அவள் வேலையை விட்ட வருஷம் மூன்று பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத மரமாகியிருந்தது. அவள் விரல்களோ ஆற்றுக் கூழாங்கல்லாகத் தேய்ந்து, ஒரு கோடுகூட இல்லாமல் வழவழவென்று ஆகியிருந்தன.

ரேகை இல்லாதது அவளுக்கு ஒரு குறையாகவே தெரியவில்லை. ரசலையன் காய்ச்சலில் போய்ச்சேர்ந்து பதிமூன்று வருஷம் கழித்து அவளுக்கு முதியோர் உதவித்தொகை கிடைத்தது. மாதம் பத்தாம் தேதிவாக்கில் தபால்காரர் ததேயுஸ் சைக்கிளில் கொண்டுவருவார். அவள் கையெழுத்துப் போடத் தெரிந்தவள்தான் என்றாலும் நடுக்கம் வந்த பிறகு விரலை உருட்டத் தொடங்கியிருந்தாள். தாளில் ஒரு கறுத்த வட்டம் விழும், உள்ளே ஒன்றும் இருக்காது. ததேயுஸ் அதை ஊதிக் காயவைத்து மடித்துக்கொள்வார். "வட்டம் வந்தாச்சுல்லா, போதும். ஆளு எனக்கு எதிர இருக்கு" என்பார். பால் விடாத கட்டன்சாயா குடித்துவிட்டு, எந்த ஊரில் யார் படுத்திருக்கிறார்கள், யார் எழுந்துவிட்டார்கள் என்று சொல்லிவிட்டுப் போவார். சும்மா சொல்லக்கூடாது, அந்த ஒன்பது வருஷத்தில் ராகேல் உயிரோடு இருக்கிறாளா என்ற சந்தேகம் அரசாங்கத்துக்கு ஒருமுறைகூட வந்ததில்லை.

இரண்டாயிரத்து இருபத்தொன்றில் ததேயுஸ் ஓய்வு பெற்றார். எல்லாம் வங்கிக் கணக்குக்கு மாறியது. நான்காவது மாதம் பணம் வரவில்லை. ராகேல் கொஞ்ச நாள் காத்திருந்தாள், பிறகு பாறைமுக்கில் ஷைஜா நடத்தும் இ-சேவைக் கடைக்குப் போனாள். ஷைஜா ஊர்ப்பெண்தான், முப்பத்தாறு வயது, பொறுமைசாலி. கம்ப்யூட்டரில் தேடிப்பார்த்தாள். உயிர்வாழ் சான்று புதுப்பிக்கப்படவில்லை, ஆகவே நிறுத்திவைக்கப்பட்டுள்ளது என்று திரையில் இருந்தது. இனி ஆன்லைனில் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். அதைப் படித்துக் காட்டியபோது ராகேல் சிரித்துவிட்டாள். ஒரு சின்ன வேலை என்றுதான் இரண்டு பேரும் அன்றைக்கு நினைத்தார்கள்.

அந்தச் சின்ன வேலை இரண்டு வருஷத்துக்கு மேல் நடந்தது. முதலில் வயது. ஞானஸ்நானப் பதிவேட்டின்படி அவள் பிறந்தது ஐம்பத்தொன்றில். அடையாள அட்டை எடுக்க முகாம் போட்டு வந்தவர்கள் ஐம்பத்தாறு ஜனவரி ஒன்று என்று அடித்துவிட்டுப் போயிருந்தார்கள். அதைத் திருத்தினால்தான் மற்றது நடக்கும், திருத்துவதற்கு ஓடிபி வரவேண்டும். அந்த ஆறு எண்கள் அவள் மகன் சிஜின் முன்பு பஹ்ரைனிலிருந்து வந்தபோது வாங்கிக் கொடுத்த நம்பருக்குப் போயின. அந்த நம்பர் இப்போது திருப்பூரில் யாரோ ஒரு பனியன் கம்பெனிக்காரரிடம் இருந்தது. அவர் நல்ல மனுஷன், ஷைஜா கூப்பிட்டால் எண்களைப் படித்துச் சொல்வார். ஆனால் அவர் மெஷின்சத்தத்துக்கு வெளியே வந்து சொல்லி முடிப்பதற்குள் பத்து நிமிஷம் ஆகி எண்கள் செல்லாமல் போய்விடும். நம்பரை மாற்றலாம் என்றால் அதற்குக் கைரேகை வேண்டும். அங்கேதான் எல்லாம் முட்டி நின்றது. கண்ணைக் காட்டலாமே என்று நாகர்கோவிலுக்கு அனுப்பினார்கள். காலை ஐந்து மணிக்கு டோக்கன் வாங்கி, மூன்று மணிக்குக் கண்ணை விரித்து உட்கார்ந்தாள். புரை எடுத்து உள்ளே கண்ணாடி வைத்த கண் அந்த மெஷினுக்குப் பிடிக்கவில்லை. திரும்பவும் பாறைமுக்கு, திரும்பவும் விரல். நனைத்து வைத்தாள், துடைத்து வைத்தாள், எண்ணெய் தடவி வைத்தாள், தலைமுடியில் தேய்த்து வைத்தாள். தீப்பெட்டி அளவுள்ள அந்த மெஷின் ஒவ்வொரு விரலுக்கும் சிவப்பு விளக்கைக் காட்டிக் கீ கீ என்றது.

"மாமி, கொஞ்சம் அமத்தி வையுங்க."

"இதுக்கு மேல அமத்தினா ஒனக்க மெஷினு ஒடஞ்சு பெயிரும் மக்களே."

"மெஷினுக்கு ஒங்கள ஆளு தெரியல்ல மாமி."

"ஒனக்குத் தெரியும்லா? ஒனக்க அம்மைக்க கல்யாணப் பந்தியில சோறு வெளம்பினவ நான். நீ எழுதிக் குடு, ராகேல் வந்தா, இருந்தா, பேசினாண்ணு."

"நான் எழுதினா அது எடுக்காது மாமி."

"அப்பம் நான் ஆருண்ணு அதுகிட்ட ஆருதான் சொல்லுவா?"

அன்று வீட்டுக்குப் போன ராகேல் இரண்டு கையையும் விரித்து மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தாள். எழுபது வயதுக்கு மேல் ஒரு மனுஷி தன் விரலைப் பார்த்து வெட்கப்படுவது என்றால் அதை என்ன சொல்ல. யார் வந்தாலும் கையை முந்தானைக்குள் சுருட்டிக்கொள்ளும் பழக்கம் அன்றிலிருந்துதான் வந்தது.

பணம் நின்றதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருந்தது. சிஜின் இப்போது ஆரல்வாய்மொழியில் காற்றாலைகளைக் காவல் பார்த்துக்கொண்டிருந்தான். பெண்டாட்டி அபினா, இரண்டு பிள்ளைகள், வாடகைவீடு. நல்ல பையன்தான், மாதம் பிறந்தால் தன்னால் ஆனதை அனுப்புவான், ஆனால் இரண்டு அடுப்பை எரிக்க அவன் சம்பளம் காணாது. ராகேல் ஆட்டை விற்றாள், ரப்பர் தோட்டங்களில் கொட்டை பொறுக்கி விற்றாள், இடுப்பு பிடித்துக்கொண்டு அதுவும் நின்றது. முன்பு ஒருமுறை மகன் கட்டாயப்படுத்தி ஆரல்வாய்மொழிக்கு அழைத்துப் போயிருந்தான். அங்கே வீசுகிற காற்றில் கொடியில் போட்ட துணி கொடியில் நிற்காது. ராவும் பகலும் இறக்கைகள் சுற்றுகிற சத்தம் வேறு. அபினா ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனாலும் பதினோராவது நாள் அவள் சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறி வீட்டுக்கு வந்து பிலாவின் மூட்டில் உட்கார்ந்துவிட்டாள். சாகிறவரைக்கும் இந்த வீட்டிலேதான், இந்த அடுப்பில் காய்ச்சிய கஞ்சிதான் என்று அன்றைக்கே முடிவு செய்திருந்தாள். அவள் கர்த்தரிடம் கேட்டது அது ஒன்றைத்தான். அதற்கு மாதம் அந்தத் தொகை வேண்டும்.

இருபத்துமூன்று அக்டோபரில் சிஜின் வந்தான். வந்தவன் முகத்தைப் பார்க்காமல் பேசினான்.

"அம்மா, கிறிஸ்மஸ் வரைக்கும் பாப்போம். அதுக்குள்ள ஒண்ணும் நடக்கல்லேண்ணா வீட்டக் குடுத்துட்டு அங்க வந்திரணும். எனக்கு ரெண்டு எடம் தாங்காது."

"அங்க வீசுத காத்துல எனக்க செபம்கூட மேல போவாம பறந்து பெயிரும் மக்கா."

சிஜின் சிரிக்கவில்லை. அடுத்த வாரம் மரவியாபாரி சிவபிரசாத் நாடாவோடு வந்து பிலாவைச் சுற்றி அளந்தார். ஐம்பது வருஷத்துக்கு மேல் வைரம் பாய்ந்த தடி, கதவுக்கும் கட்டிலுக்கும் ஆகும். அளந்த இடத்தில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டுவிட்டு, கிறிஸ்துமஸ் கழிந்து வருகிறேன் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார். ராகேல் அந்தக் கோட்டை நனைந்த துணியால் துடைத்துப் பார்த்தாள். போகவில்லை.

நவம்பர் பதினாறாம் தேதி அவள் பாறைமுக்குக்குப் போனது எத்தனையாவது முறை என்று ஷைஜாவுக்கே கணக்கு விட்டுப்போயிருந்தது. காலையிலிருந்து சர்வர் இல்லை. திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. கடையில் காத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். நீங்களும் போயிட்டு நாளைக்கு வாங்க மாமி என்று ஷைஜா சொன்னாள். ராகேல் கேட்கவில்லை. இனி நாளைகள் அதிகம் இல்லை என்று அவளுக்குத் தெரியும். மதியம் ஒரு மணிக்குத் தூக்குவாளியைத் திறந்தாள். கஞ்சி, கொஞ்சம் கொள்ளில் அரைத்த காணத்துவையல். அவள் ஸ்பூனில் கஞ்சி குடிக்கிற ஆள் இல்லை. வீட்டை விட்டு இறங்கும்போதே பிலாவில் எட்டின கொப்பிலிருந்து ஓர் இலையைப் பறித்து, கரண்டியாகக் கோட்டி, ஈர்க்கில் குத்தி, வாளிக்குள் போட்டுக்கொண்டு வருவாள். பாதி குடித்தபோது வாசலில் ஒரு லாரி ஹாரன் அடித்தது. திரும்பிப் பார்க்கையில் கையிலிருந்த இலையை மேசைமேல் வைத்தாள். மேசை முழுக்கத் தாள்கள், ஈரம் படக்கூடாதே என்று காலியாகத் தெரிந்த ஒரே இடத்தில் வைத்தாள். அது அந்த மெஷினின் கண்ணாடி. அந்த நேரம் பார்த்துச் சர்வர் வந்தது.

மெஷின் கீ கீ என்று கத்தவில்லை. ஒரே ஒரு முறை, நிதானமாக, டிங் என்றது. பச்சை விளக்கு. திரையில் வட்டம் நின்று, பெயர் ராகேல், பெண், பாறைமுக்கு அஞ்சல், உயிருடன் உள்ளார் என்று வந்தது.

"மாமி! கையை வச்சியளா?"

"நான் கஞ்சி குடிச்சிட்டில்லா இருக்கேன். கை எங்க வைக்க?"

ஷைஜா எழுந்து வந்து பார்த்தாள். இலையை எடுத்தாள், விளக்கு அணைந்தது. ராகேலின் விரலை வைத்தாள், சிவப்பு. தன் விரலை வைத்தாள், சிவப்பு. ஈர்க்கிலை உருவி, இலையை விரித்து, பாவாடையில் துடைத்து வைத்தாள், பச்சை. ஓடிப்போய் எதிர்ச் சாயாக்கடைக்குப் பின்னால் நிற்கும் பிலாவில் ஓர் இலை பறித்துவந்து வைத்தாள், சிவப்பு. பிறகு ராகேலின் இலையை டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தாள். நரம்புகள் சுற்றிச் சுற்றிப் போய் நடுவில் ஒரு புள்ளியில் நின்றன.

"மாமி, இந்த எலை எங்க உள்ளது?"

"எங்க வீட்டுக்குப் பொறத்த நிக்க பிலாவுல உள்ளதுதான்."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே ராகேலுக்குப் புரிந்துவிட்டது. ஆச்சரியப்பட்டதாக அவள் காட்டிக்கொள்ளவில்லை. இலையை வாங்கி உள்ளங்கையில் வைத்து, தேய்ந்த விரலால் ஒருமுறை தடவினாள். "முப்பத்தெட்டு வருசம் அதுக்க மூட்டுல கொட்டினேன்" என்றாள். "களையல்ல பாத்தியா. எடுத்து வச்சிருக்கு." பிறகு மிச்சக் கஞ்சியைக் குடித்து முடித்தாள். கடையில் இருந்த ஷைஜாதான் தலையில் கைவைத்து அழுதாள்.

நம்பர், வயதுத் திருத்தங்களோடு விண்ணப்பம் அன்றே போனது. ஷைஜாவுக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை, உரிமத்தைப் பிடுங்கிவிடுவார்களோ என்று பயம். விதிமுறைகளை எடுத்து வரிவரியாகப் படித்தாள். மனுதாரரின் ரேகை பொருந்தவேண்டும் என்று இருந்ததே தவிர, அது எதில் இருக்கவேண்டும் என்று எங்கேயும் இல்லை. பத்து நாள் கழித்து கிராம நிர்வாக அலுவலர் பகவதியப்பன் நேரில் விசாரிக்க வந்தார். அய்யாவழிக்காரர், நெற்றியில் வெள்ளை நாமம், அதிர்ந்து பேசமாட்டார். ஷைஜா மெஷினைக் கொண்டுவந்திருந்தாள். மரத்தடியில் நின்றபடியே பத்துக் கொப்பிலும் இலை பறித்து வைத்துப் பார்த்தார்கள். பத்தும் பச்சை. பழுத்து உதிர்ந்த இலையை எடுக்காது, கொப்பிலிருந்து பறித்த பச்சை இலையாக இருக்கவேண்டும் என்பதும் அன்றுதான் தெரிந்தது. அலுவலர் பேனாவைத் திறந்து தாளில் மேலும் கீழும் தேடினார்.

"அம்மா, இத எழுத ஃபாரத்துல கட்டம் இல்லியே."

"எனக்கும் ரெண்டு வருசமா கட்டம் இல்லாமத்தான சார் இருந்தது. ஓரத்துல எழுதுங்க."

ஓரத்தில் எழுதினார். மனுதாரரின் ரேகை அவர் வீட்டு மரத்தில் உள்ளது, மரம் பட்டா எல்லைக்குள் நிற்கிறது, ஆட்சேபணை இல்லை. டிசம்பர் பத்தொன்பதாம் தேதி தொகை வந்தது. கிறிஸ்துமஸுக்கு வந்த சிஜின் விஷயத்தைக் கேட்டு மரத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்தான், அம்மாவை ஒருமுறை பார்த்தான், நல்ல காரியம் என்றான். சிவபிரசாத்திடம் வேண்டாமென்று சொல்லியனுப்பினார்கள். சுண்ணாம்புக்கோடு மட்டும் அப்படியே இருந்தது.

பிறகு அந்தச் சுற்றுவட்டாரத்தில் ரேகை தொலைத்த பெண்கள் எல்லாம் தங்கள் மரத்தைத் தேடிக் கிளம்பினார்கள். ஓமனாவுக்குத் தென்னையில், அதுவும் காயில் கிடைத்தது, ஒவ்வொரு முறையும் இளநீர்க் காயைச் சுமந்துகொண்டு வரவேண்டியிருந்தது. ஒருத்திக்குப் புளியிலை, அவ்வளவு சின்ன இலையில் அவ்வளவு ரேகையும் இருந்தது. எல்லோருக்கும் அப்படி அமையவில்லை. ராகேலின் பக்கத்தில் இருபது வருஷம் உட்கார்ந்து உடைத்த ஞானபாய்க்குச் சொந்த வீடு இல்லை, சொந்த மரமும் இல்லை. வாடகைக்கு இருந்த லைன்வீட்டுக்குப் பின்னால் ஓடும் பாசனச் சானலில்தான் அவள் சாம்பலைக் கரைத்துவந்தாள். ஷைஜாவும் ராகேலும் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அவளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு, பாலம் பாலமாக இறங்கி, குப்பியில் வெள்ளம் கோரி ஒரு சொட்டு வைத்துப் பார்த்தார்கள். சிவப்பு. சானல் பாய்கிற வயலில் நெற்பயிரை வைத்துப் பார்த்தார்கள். ஒரு கதிருக்கு மட்டும் விளக்கு மஞ்சளாகி ஒருகணம் நின்று அணைந்தது. அதோடு சரி. அதற்கப்புறம் தண்ணீர் கடலுக்குப் போய்விடுகிறது, கடலில் எங்கே என்று தேடுவது. நான்கு ஞாயிறு அலைந்தார்கள். ஐந்தாவது ஞாயிறுக்கு ஞானபாய் இல்லை. அவள் விண்ணப்பம் இன்றைக்கும் பரிசீலனையில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் நம்பரைப் போட்டுப் பார்க்கலாம். அந்தக் கைகள் உடைத்த பருப்பு எத்தனை கப்பலில் ஏறிப் போயிருக்கும்.

ராகேல் அதன்பின் கையை முந்தானைக்குள் ஒளித்ததில்லை. ஒன்றேமுக்கால் வருஷம் தன் வீட்டில், தன் அடுப்பில், தன் கஞ்சியைக் குடித்தாள். அடுப்புச் சாம்பலைத் தினமும் மரத்தின் மூட்டில் கொட்டுவதையும் விடவில்லை. சான்று புதுப்பிக்கும் மாதம் ஷைஜாவே வந்து ஓர் இலையைப் பறித்துக்கொண்டு போவாள், மறக்காமல் ஒரு பிலாச்சுளையும் கேட்டு வாங்கிக்கொள்வாள். இருபத்தைந்து ஆகஸ்டில், மழை விட்ட ஒரு காலையில், ராகேல் அடுப்பைப் பற்றவைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தவள் பிறகு எழவில்லை. பக்கத்துவீட்டில் பார்த்தபோது கஞ்சி வெந்து பதமாக இருந்தது. அவள் கேட்டது கிடைத்துவிட்டது. கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பியவர்களுக்கு வழக்கப்படி கஞ்சியும் பயறும் கொடுத்தார்கள். கூட்டம் எதிர்பார்த்ததைவிட அதிகம், ஸ்பூன் காணவில்லை. யாரோ ஏறிப் பின்னால் நின்ற பிலாவிலிருந்து இலைகளை ஒடித்துப் போட்டார்கள், பெண்கள் உட்கார்ந்து கோட்டிக் கொடுத்தார்கள். அன்று கஞ்சி குடித்த இருநூற்றுச் சொச்சம் பேரும் ராகேலின் விரலைப் பிடித்துத்தான் குடித்தார்கள். பாதிக் கஞ்சியில் ததேயுஸுக்கு அது உறைத்தது. ஈர்க்கிலை உருவி, இலையைக் கழுவித் துடைத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

இறப்பைப் பதிவு செய்யப் போனபோது சிக்கல் வந்தது. சிஜின் மூன்று முறை பாறைமுக்குக்கு வந்தான். மூன்றாவது முறை ஷைஜா திரையை அவன் பக்கம் திருப்பியே காட்டிவிட்டாள்.

"அண்ணா, அம்மை உயிரோட இருக்காங்கண்ணுதான் காட்டுது. எலை பச்சையா நிக்குதுல்லா."

"நான்தான மண்ணு போட்டேன். எனக்குத் தெரியாதா?"

"ஒங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். இதுக்குத் தெரியணும்லா."

மரம் பட்டுப்போனால் மட்டுமே விளக்கு சிவப்பாகும். இறப்புச் சான்று இல்லாவிட்டால் வீட்டை அவன் பெயருக்கு மாற்ற முடியாது, பெயர் மாறாவிட்டால் விற்கவும் முடியாது. அவன் பிள்ளைகள் வளர்ந்துகொண்டிருந்தார்கள், ஆசையில் செய்தான் என்று யாரும் சொல்லமாட்டார்கள். சிவபிரசாத்துக்குச் சொல்லியனுப்பினான். ஒரு சனிக்கிழமை காலை வடமும் மெஷின்வாளுமாக நான்கு பேர் வந்தார்கள். பழைய சுண்ணாம்புக்கோடு இன்னும் அழியாமல் இருந்ததால் அளக்கிற வேலை இல்லாமல் போயிற்று. முதலில் கொப்புகளைக் கழிக்கவேண்டும். மேற்கே தாழ்ந்த கொப்பை வெட்டினால் வடம் போட வசதி என்றார் சிவபிரசாத். சிஜின் அதன் நுனியைப் பிடித்து வளைத்தான். காலைவெயில் இலைகளில் விழுந்தது. எல்லா இலையிலும், சுற்றிச் சுற்றிப் போகிற நரம்புகளுக்குக் குறுக்கே சாய்வாக ஒரு வெட்டு. அது நடந்தபோது அவனுக்கு ஆறு வயது. சபைக்குப் போகிற நேரத்தில் பழுத்த பிலாச்சக்கை வேண்டுமென்று நிலத்தில் புரண்டு அழுதான். பிசினுக்குப் பயந்து ஞாயிற்றுக்கிழமை யாரும் சக்கை வெட்டமாட்டார்கள். அம்மா புதுச்சேலையோடு உட்கார்ந்து வெட்டினாள். கத்தி வழுக்கி இடது மோதிரவிரலில் இறங்கியது. விரலை வாயில் வைத்துக்கொண்டே மற்ற கையால் சுளையை எடுத்து அவன் வாயில் ஊட்டினாள். தின்னு மக்கா, ஒண்ணும் இல்ல என்றாள். வெளுத்த தழும்பாக வெகுகாலம் இருந்தது அது. எண்ணெயில் வெந்து அதுவும் போய்விட்டது என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தான்.

சிஜின் கொப்பை மெதுவாக விட்டான். அது மேலே போய் நின்றது. "வேண்டாம் அண்ணாச்சி" என்றான். சிவபிரசாத் இன்னொரு முறை கேட்கவில்லை, ஆட்களுக்குக் கண்ணைக் காட்டி வடத்தைச் சுற்றச் சொன்னார். ஆரல்வாய்மொழிக்குத் திரும்பிய சிஜின் நடந்ததை அபினாவிடம் சொன்னான். அப்படியானால் மாதம் ஒருமுறை போய் முற்றம் பெருக்கித் தூத்துவிட்டு வரவேண்டுமே என்றாள் அவள்.

உதவித்தொகை வந்துகொண்டிருந்தது. உயிரில்லாதவள் பெயரில் வாங்குவது பாவம், நிறுத்துங்கள் என்று சிஜின் எழுதிக் கொடுத்தான். நிறுத்துவதற்கு மனுதாரரே விண்ணப்பிக்கவேண்டும், ரேகை வைக்கவேண்டும் என்று பதில் வந்தது. ஷைஜா ஓர் இலை பறித்துவந்து வைத்தாள். பச்சை. தனக்கு இனி வேண்டாம் என்று ராகேல் தெரிவித்ததாக அன்றே பதிவாகி, மறுமாதம் தொகை நின்றது. அவள் கொடுத்த விண்ணப்பங்களில் ஒரே நாளில் முடிந்தது அது ஒன்றுதான். பகவதியப்பன் மாற்றலாகிப் போகும்போது கோப்பின் ஓரத்தில், மரம் நல்ல நிலையில் உள்ளது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். சிஜின் மாதம் முதல் ஞாயிறு வருகிறான். ஆரல்வாய்மொழி வீட்டில் கேஸ் அடுப்புதான் என்பதால் பாறைமுக்குச் சாயாக்கடையில் ஒரு சிரட்டைச் சாம்பல் வாங்கிக்கொண்டு போய் மரத்தின் மூட்டில் கொட்டுகிறான்.

போன மாதம் வீடுவீடாகக் கணக்கெடுக்க நந்தனா என்றொரு பெண் வந்தாள். ஊருக்குப் புதியவள், கையில் டேப்லெட்டும் ஒரு ரேகை மெஷினும். அன்று முதல் ஞாயிறு என்பதால் சிஜின் முற்றம் தூத்துக்கொண்டிருந்தான். அவன் விஷயத்தைச் சொன்னான், அவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். முந்தின வீட்டிலேயே ஒரு தென்னையைப் பதிந்துவிட்டுத்தான் வந்திருந்தாள். கிழக்குக் கொப்பில் ஓர் இலையைப் பறித்து வைத்தாள், டிங் என்றது. வயது என்ன என்று கேட்டாள். எழுபத்தைந்து என்றான் சிஜின், பழைய அட்டையில் குறைவாக இருக்கும், ஞானஸ்நானப் பதிவேடுதான் சரி. அவள் திருத்திக்கொண்டாள். வீட்டில் குடியிருப்போர் எத்தனை பேர் என்ற கட்டத்தில் ஒன்று என்று அடித்தாள். பிறகு, வெயிலாக இருக்கிறது என்று மரத்தடியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து இளைப்பாறிவிட்டு, அடுத்த வீட்டுக்குப் போனாள்.